எங்கள் நாலு கைகளும் உயர்ந்த நாள்

ஹைதராபாத் மாநகராட்சி மன்றத்தில் இடதுசாரிக் குழு என்று ஒன்று இருந்த காலத்தில் அதன் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு உறுப்பினர்கள், இரண்டாவது மாடியில் படிக்கட்டை ஒட்டி ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், நான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது அப்பாவால். குஷாய்குடாவில் மின்னணுச் சாமான் செய்யும் பெரிய அரசுத் தொழிற்சாலையில் அப்பா வேலை பார்த்தார். யூனியனுக்கு வேண்டிய மனுவெல்லாம் அவர்தான் இங்கிலீஷில் எழுதித் தருவார். அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். சனத்நகரில் முப்பது வருஷம் கடைசல் மெஷினில் நின்றவர். வலது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கும். ஊரே அவரை அன்னா என்றுதான் கூப்பிடும். அப்பாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க அப்பா மாதிரி எழுத இப்ப எங்களுக்கு ஆள் இல்லம்மா. நீ டீச்சர் வேலைய விட்டுட்டேன்னு கேள்விப்பட்டேன்" என்றார். மறு வாரம் நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் ஒரு குறை உண்டு. காலனியிலிருந்த மத்திய அரசுப் பள்ளியில் ஹிந்தியும் இங்கிலீஷும்தான் படித்தேன். வீட்டில் தமிழ். தெலுங்கு தெருவில் கற்றுக்கொண்டது. யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவு பேசுவேன், ஆனால் படிப்பது எழுத்துக் கூட்டித்தான். அதனால் இங்கிலீஷ் கடிதங்கள் என் பொறுப்பு. தெலுங்குக் கடிதங்களை அன்னாவோ, குழுவிலிருந்த வக்கீலோ எழுதுவார்கள். நான் ஸ்டாம்ப் வைத்து, மூலையில் என் சுருக்கொப்பம் போட்டு, நகலைக் கோப்பில் வைத்துவிட்டு அனுப்புவேன்.

மூன்றாவது உறுப்பினர் பழைய நகரத்துத் தையல்காரர். எந்த யோசனைக்கும் முதலில் "நக்கோ", வேண்டாம், என்பார், பிறகு ஒத்துக்கொள்வார். நாலாவது அக்கா. நாச்சாரத்தில் தொழிற்சாலைத் தெருக்களைப் பல வருஷம் பெருக்கியவர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்து வந்திருந்தார். பெயர் எழுத மட்டும் தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் கோலப் புள்ளி வைப்பதுபோல நிதானமாக வைத்துக் கையெழுத்துப் போடுவார். என்னை டீச்சரம்மா என்பார். அந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்த மனுஷி அவர்தான்.

நான் சொல்ல வந்தது ஒரு தீர்மானத்தைப் பற்றி. நாச்சாரம் பக்கத்துத் தெருக்களைப் பெருக்கும் வேலை முழுவதையும் ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுப்பதாக மாநகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த பெண்களைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், ஆனால் எல்லாரையும் அல்ல. வயதானவர்கள், நோய்ப்பட்டவர்கள், போனில் முகம் காட்டி வருகைப் பதிவு செய்ய முடியாதவர்கள் வெளியே போக வேண்டும்.

ஏற்கெனவே நடைமுறைக்கு வந்திருந்த அந்த முகப் பதிவைப் பற்றி நான் நேரில் போய்ப் பார்த்து எழுதினேன். விடிகிற நேரத்தில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி ஒவ்வொருத்தி முகத்துக்கு நேராகவும் போனைத் தூக்கிப் பிடிப்பார். ஒரு பெண் கோயிலில் வேண்டுதலுக்காக மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். போன் அவளை ஏற்கவில்லை. அன்று முழுக்கத் தெருவைப் பெருக்கிவிட்டும் அவள் வரவில்லை என்றே பதிவாகியிருந்தது. மறுநாளும் அப்படியே. "முடி வளர்ற வரைக்கும் நான் நான் இல்லையாம்" என்று அவள் சொன்னதை அப்படியே மனுவில் எழுதினேன்.

மூன்று மாதம் அந்த வேலைதான். கூட்டம், கையெழுத்து, கமிஷனரிடம் மனு, மாநகராட்சி வாசலில் உட்காரும் போராட்டம். பெண்கள் துடைப்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அன்னா நடுவில் நின்று, "எங்க நாலு கையும் இதுக்கு எதிராத்தான் எழும்பும்" என்று மைக்கில் சொன்னார். நான் அவர் பின்னால் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மன்றத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. எங்கள் நாலு ஓட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும். இப்படி ஒரு சமயம் குழுவுக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை.

மன்றத்தில் அக்கா பேசுவதென்று முடிவானது. பேச்சை நான் தமிழ் எழுத்தில் தெலுங்காக எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத் திருப்பிச் சொல்வார். ஓரிடத்தில் "சுகாதாரப் பணியாளர்கள்" என்று எழுதியிருந்தேன். "அது யாரு டீச்சரம்மா?" என்றார். "நீங்கதான்" என்றேன். "அப்ப தெரு கூட்டறவங்கன்னே சொல்றேன்" என்றார். அப்படியே மாற்றினோம்.

கூட்டம் நடந்த காலை குஷாய்குடாவிலிருந்து சீக்கிரமே பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மன்றத்து நடையில் அன்னாவும் அக்காவும் சுவரோரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்னா தணிந்த குரலில் ஏதோ சொல்ல, அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சை ஒருமுறை சரிபார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் பார்த்தார், ஆட்டவில்லை. பயம் என்று எண்ணிக்கொண்டு பார்வையாளர் மாடத்துக்கு ஏறிப் போனேன். பெருக்குகிற பெண்களில் பத்துப் பதினைந்து பேருக்கு அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தேன். அவர்கள் என் வரிசையிலேயே, நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தீர்மானத்தை வாசித்தார்கள். எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் யார் என்று மேயர் கேட்டார். பெரிய எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் பேசினார். அக்கா எழுந்திருக்கவில்லை. நான் மாடத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தேன். மறந்துவிட்டாரா, கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று பதறினேன். அதற்குள் மேயர் ஓட்டெடுப்புக்குப் போய்விட்டார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

அன்னாவின் கை உயர்ந்தது. பாதி விரலுள்ள அந்தக் கையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். முதலில் அவர் ஏதோ ஆட்சேபம் சொல்லத்தான் கை தூக்குகிறார் என்று நினைத்தேன். மேயர் அவரைப் பேசச் சொல்லவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை. கை அப்படியே நின்றது. பக்கத்தில் வக்கீலின் கை. அதற்குப் பக்கத்தில் தையல்காரரின் கை. கீழே ஒருவர் பேனாவை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். அவர் எங்கள் குழுவின் வரிசைக்கு வந்து சேருமுன் அக்கா கையைத் தூக்கினார். ரொம்ப உயரத் தூக்கவில்லை. காது வரைக்கும்தான்.

என் பக்கத்திலிருந்த பெண் என் முழங்கையைத் தொட்டு, "எதிர்க்கிறவங்கதானே இப்ப தூக்கறாங்க, டீச்சரம்மா?" என்று கேட்டாள். நான் எண்ணிக்கொண்டு வந்தவரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்மானம் நிறைவேறியது என்று மேயர் சொன்னதும் கீழே ஒரு பக்கத்தில் மேஜையைத் தட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது புரிந்துவிட்டது. அவள் என் முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

நான் எப்படி இறங்கி அறைக்கு வந்தேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன், ஏன் திறந்தேன் என்று தெரியாமல் மூடினேன். அன்னா வந்தார். தண்ணீர் குடித்தார்.

"கைய மாத்தித் தூக்கிட்டீங்களா அன்னா?" என்று கேட்டேன். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தி கேட்கிற கேள்வியா அது. ஆனால் அந்த நிமிஷம் அப்படித்தான் நம்ப விரும்பினேன்.

"இல்லம்மா. தெரிஞ்சேதான் தூக்கினோம்" என்றார்.

பிறகு சொன்னார். நாச்சாரத்தில் நாலாக் கரையில், அதாவது பெரிய சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில், ஒரு பஸ்தி இருந்தது. தகரமும் செங்கல்லுமாக அறுபது எழுபது வீடு. கரையை அகலப்படுத்த அந்த வீடுகளை இடிக்க உத்தரவு தயாராக இருந்தது. இந்தத் தீர்மானத்துக்கு நாலு ஓட்டுக் கொடுத்தால் பஸ்தியைத் தொடமாட்டோம், பட்டாவுக்கு எழுதுகிறோம் என்று ஆளும் தரப்பு சொன்னது. கட்சி உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டது.

"மூணு மாசம் அந்தப் பொம்பளைங்களை வாசல்ல உட்கார வெச்சோமே" என்றேன்.

"உட்கார வெச்சதாலதான் நம்ம ஓட்டுக்கு மதிப்பு வந்துச்சு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. என்னை அதிகமாகத் திகைக்க வைத்தது அந்த நிதானம்தான்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"முந்தாநாள் கமிஷனருக்குப் போன கடிதத்திலேயே எழுதியிருந்தேனே. நீதானேம்மா ஸ்டாம்ப் போட்டு அனுப்பினே."

அவர் போன பிறகு கோப்பை எடுத்தேன். தெலுங்கில் ஒரு பக்கம். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்றாவது பத்தியில் "அப்யந்தரம் லேது" என்றிருந்தது. ஆட்சேபம் இல்லை. அதற்குக் கீழே குழுவின் முத்திரை, நேராக, மை பிசகாமல். மூலையில் என் சுருக்கொப்பம். அன்றைக்குக் கடிதத்தை மடித்து உறையில் போட்டபோது நான் போனில் யாரிடமோ போராட்டப் படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது உள்ளூர்ச் சேனலில் எங்கள் வரிசை கை தூக்குவதைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் கணவர், இந்தக் குழு வேலையே எனக்கு வேண்டாம் என்று முதலிலிருந்து சொன்னவர், டிவியை அணைத்தார். கல்லூரியில் படிக்கும் மகள்தான் கேட்டாள். நான் தமிழில் பேசினால் அவள் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். "அம்மா, டிட் யூ நோ?"

தெரியாது என்றேன். உண்மை அது. ஆனால் சொன்னபோது பொய் சொல்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் பத்து மணிக்குப் பெண்கள் அறைக்கு வந்தார்கள். வேலையை முடித்துவிட்டு வேலைக்கு மாட்டும் ஆரஞ்சுக் கோட்டோடேயே வந்திருந்தார்கள். அறை கொள்ளாமல் படிக்கட்டு வரைக்கும் நின்றார்கள். அன்னா வரவில்லை. வக்கீலுக்குக் கோர்ட்டு. தையல்காரர் வாசல்வரை வந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா மட்டும் வந்தார். பின் வழியாக வரலாமே என்று நான் போனில் சொல்லியிருந்தும், அவர்கள் நடுவில் நடந்து, விலகச் சொல்லிக்கொண்டே மேலேறி வந்தார்.

மொட்டை போட்டிருந்த பெண்தான் முன்னால் நின்றாள். முடி இப்போது விரல்கடை வளர்ந்திருந்தது. "அக்கா, நீயுமா கையைத் தூக்கினே?" என்று கேட்டாள்.

"தூக்கினேன்."

"தெரிஞ்சா?"

"உள்ள போறதுக்குக் கொஞ்ச நேரம் முன்ன சொன்னாங்க. தெரிஞ்சுதான் தூக்கினேன்."

அவர்கள் கத்துவார்கள், மேஜையில் இருப்பதையெல்லாம் தள்ளுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். யாரும் கத்தவில்லை. பின்னாலிருந்த ஒரு வயதான பெண் மட்டும், "கட்சி சொன்னா கை தானா எழும்புமா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

அக்கா அவள் பக்கம் திரும்பினார். "எழும்பாது. நான்தான் எழுப்பினேன். தனியா உட்கார்ந்திருக்கப் பயமா இருந்துச்சு" என்றார்.

எங்கள் கட்சியின் யூனியன் அட்டை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருத்தராக என் மேஜையில் வைத்துவிட்டு இறங்கினார்கள். சிலர் வைக்கவில்லை. அட்டைகளை நான் அடுக்கினேன், கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. எல்லாரும் போன பிறகு அக்கா என்னிடம், "என் பேச்சை ஒருக்கா வாசிங்க டீச்சரம்மா" என்றார். முடியாது என்றேன். முதல் முறையாக அவரிடம் மரியாதை இல்லாமல் பேசினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கம்பெனி வந்தது. நாங்கள் மனுவில் எழுதியிருந்தபடியேதான் எல்லாம் நடந்தது. வயதானவர்கள் போனார்கள். மொட்டை போட்ட பெண்ணும் போனாள். முகம் பதியாத நாட்கள் அவள் கணக்கில் அதிகமாக இருந்தனவாம்.

நான் உடனே வேலையை விடவில்லை. ஏன் விடவில்லை என்று கணவரும் கேட்டார். கோபத்தில் போனால் என் சுருக்கொப்பம் மட்டும் அங்கே தங்கிவிடும் என்று தோன்றியது. ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மத்தியானம், எதற்காக எங்களை விற்றார்களோ அந்த இடத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்று நாலாக் கரை பஸ்திக்குப் போனேன். அதை வெறுப்பதற்காகப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீடுகள் நின்றன. கால்வாய் நாற்றம், துணிக்கொடி, வாசலில் பிளாஸ்டிக் குடங்கள், ஒரு வீட்டில் புதிதாகப் பூசிய நீலச் சுவர். அந்த நீலச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முடி காதை மறைக்கிற அளவு வளர்ந்திருந்தது. நான்தான் முதலில் அவளை அடையாளம் கண்டேன்.

"நீங்க இங்கயா இருக்கீங்க?"

"பதினெட்டு வருஷமா. இந்தச் சந்துல தெரு கூட்டறவங்க வீடு மட்டும் ஒன்பது" என்றாள்.

நின்றிருந்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதம் இவர்களிடம் பெயரும் வயதும் வேலை செய்த வருஷமும் எழுதி வாங்கியிருக்கிறேன். வீடு எங்கே என்று கேட்கவே இல்லை. மனுவில் முகவரி என்ற இடத்தில் எல்லாருக்கும் நாச்சாரம் என்று போட்டிருந்தேன்.

அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது ஒரு மசாலா பாக்கெட் போடும் ஷெட்டில் வேலை, காலை முழுக்கத் தும்மல் என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கும் வேலைக்கும் நடந்த பேரத்தை அவள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தாள். முழுதும் கேட்ட பிறகு இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

"எங்களைக் கேட்டிருந்தா நாங்களே வீடுன்னுதான் சொல்லியிருப்போம்" என்றாள். "வேலை இன்னொண்ணு தேடிக்கலாம். கேட்கலியே. வெயில்ல உட்கார வெச்சுட்டு, நல்ல புடவை கட்டி வரச் சொல்லி, மேலேர்ந்து பாக்க வெச்சீங்க."

வெச்சீங்க என்றாள். என்னையும் சேர்த்துத்தான்.

மறுநாள் அன்னாவிடம் அதைச் சொன்னேன். அறையில் நாங்கள் இருவர்தான். அவர் மகிழ்ச்சி அடைவார், பார்த்தாயா நான் செய்தது சரி என்பார், அப்போது சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கேட்க நேரம் இல்லாமப் போச்சா அன்னா?"

"இருந்துச்சு. ரெண்டு நாள் முழுசா இருந்துச்சு" என்றார். "வேலைதான் வேணும்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்தேன். அதனால கேட்கல."

இத்தனை வருஷம் தொழிலாளிகளோடேயே இருந்த மனுஷர். அவர் வாயிலிருந்து இதைக் கேட்டபோது, மாடத்திலிருந்து கை உயர்ந்ததைப் பார்த்தபோதுகூட வராத ஒரு அதிர்ச்சி எனக்கு வந்தது. கோபப்பட முடியவில்லை. அவரிடம் அந்த ரெண்டு நாள் இருந்தது என்றால் என்னிடம் மூன்று மாதம் இருந்தது.

"அவங்ககிட்ட போய் இதையே சொல்லுங்க" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனார். நானும் அக்காவும் கூடப் போனோம். பஸ்திக்காரர்கள் நாற்காலி போட்டார்கள், அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். சில பெண்கள் கேட்டார்கள். சிலர் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். பட்டா எப்போது வரும் என்று ஒரு கிழவர் கேட்டார். எழுதியிருக்கிறோம் என்று அன்னா சொன்னார். அது இன்னும் வரவில்லை. வீடுகளையும் இன்னும் யாரும் தொடவில்லை.

அடுத்த தேர்தலில் அக்கா நிற்க மறுத்துவிட்டார். மற்ற மூவரும் நின்று தோற்றார்கள், அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நான் குஷாய்குடாவில் மறுபடி பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அக்கா எப்போதாவது போன் பண்ணுவார். போன மாதம் ரேஷன் அட்டை விஷயமாக ஒரு மனு எழுத வேண்டும் என்று வந்திருந்தார். எழுதி முடித்து, அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னார். மாற்றினேன்.